அண்ணன் இரிக்காத கசேரா

ஜனவரி 21, செவ்வாய்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. பிப்ரவரி இரண்டாம் தேதி பெனின் வீட்டார் நம் மகள் ஜெமியைக் கேட்டு வருகிறார்கள். பையன் நல்ல பையன். பெண்ணின் பெரியப்பா கூட உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது.

ஆன்ட்ரூஸ் அண்ணன் இந்த வீட்டில் கடைசியாக உட்கார்ந்து எட்டு வருடமாகிறது.

ஜனவரி 22

கிணற்று மோட்டாரை அணைக்காமல் விட்டது யார் என்பதில் தொடங்கிய சண்டை. அப்போது ஒரே வீட்டில்தான் இருந்தோம். "நீரு இனி இந்த வீட்டுல இரிக்கண்டாம்" என்றேன். குடியிருக்க வேண்டாம் என்றுதான் நினைத்துச் சொன்னேன். அவர் மறுநாளே கோயிலுக்குப் பின்னால் வீடு பார்த்துப் போனார். உட்காரவும் வேண்டாம் என்று சேர்த்து எடுத்துக்கொண்டார். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் நான் என்ன செய்ய?

வராமல் இருந்தாலாவது பகை என்று சொல்லலாம். கிறிஸ்துமசுக்கு வருவார், திருவிழாவுக்கு வருவார். நின்றபடியே டீ குடிப்பார். போவார்.

என் வீட்டுக்காரி குளோரி இன்று போய்க் கேட்டிருக்கிறாள். "இரிக்கண்டாம்னு சொன்னவன் அவனாக்கும். இரின்னு சொல்லவும் அவன்தான் வேணும்" என்றாராம். ஒரு வார்த்தைதானே என்கிறாள் இவள். அவளுக்கென்ன.

ஜனவரி 23

அன்றைக்கு அவர் எழுந்து போன கசேரா உள்ளறையில் கிடக்கிறது. நல்ல தேக்கு நாற்காலி. ரெக்ஸின் கிழிந்து ஒரு ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்க்கிறது. அதைப் புதுசாக்கி முன்னறையில் போட்டால் மனிதன் தானாக உட்கார மாட்டானா?

"வாயத் திறக்கதுக்குப் பதிலா கசேராவத் திறக்கியளா?" என்றாள் குளோரி.

ஜனவரி 27, திங்கள்

திங்கள்சந்தையில் குஷன் கடைக்காரன் நாலாயிரத்து ஐந்நூறு கேட்டான். அதற்குப் புதுக் கசேராவே வாங்கலாமே என்றேன். "வாங்கும்" என்றான்.

நானே செய்யப்போகிறேன். யூடியூபில் ஒருவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சிரிக்கிறார்.

ஜனவரி 29

ஆணி பிடுங்கவே அரை நாள். உள்ளே கிடைத்தவை: அறுந்த ஜெபமாலை, ஒரு சீப்பு, ஒரு பொத்தான். பொத்தான் அண்ணன் சட்டையுடையது. வேகமாக எழுந்ததில் அறுந்திருக்கும். ஜெமியின் பள்ளிக்கூட யூனிஃபார்ம் பொத்தான் என்கிறாள் குளோரி. எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 30

ஸ்பிரிங் எல்லாம் துரு. அடியில் குறுக்கும் நெடுக்கும் பட்டை கட்ட வேண்டுமாம். பட்டைக்கு எங்கே போக? வீட்டில் வலை இருக்கிறது. தோள் கெட்டுக் கடலுக்குப் போவதை விட்டபின் வலை கட்டுவதுதானே எனக்குத் தொழில். நைலான் வலையை மூன்று மடிப்பாகப் போட்டுச் சட்டத்தைச் சுற்றிக் கட்டினேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போயிற்று. யூடியூப்காரர் இதைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 1, சனி

ஜெமியின் ஹாஸ்டல் மெத்தையை வெட்டி மேலே வைத்தேன். அதற்கு மேல் மிச்சம் கிடந்த ஜன்னல் திரைத்துணி. பச்சைக் கிளிகள் போட்டது.

"பெரியப்பா கிளிமேல இரிப்பாராப்பா?" என்று சிரித்தாள் ஜெமி. அப்புறம் சிரிக்காமல் கேட்டாள்: "இரிக்கல்லன்னா?"

பயமாகத்தான் இருக்கிறது.

உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்சம் தாழ்கிறது. மெத்தை என்றால் தாழத்தானே செய்யும். யாரும் இல்லாதபோது "இரியும்" என்று கசேராவிடம் சொல்லிப் பார்த்தேன். கசேராவிடம் சுலபமாக வருகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

வந்தார்கள். அண்ணனும் வந்தார், வெள்ளை வேட்டியில். கசேராவைப் பார்த்தார். கிளிகளைப் பார்த்தார். பக்கத்தில் நின்றார்.

பெரியவர் நிற்கிறாரே என்று பெனினின் மாமா செல்வதாசும் நின்றார். அவர் நிற்கவே எல்லாரும் நின்றார்கள். டீயும் நின்றபடியே. பன்னிரண்டு பேர், பஸ்சுக்கு நிற்பது மாதிரி. "என்னவாக்கும், யாரும் இரிக்கல்லியா?" என்றார் செல்வதாஸ். கதவோரம் ஜெமியின் முகத்தைப் பார்த்தேன்.

"அண்ணே... இரியும்."

குரல் என் குரல் மாதிரியே இல்லை. அண்ணன் வேட்டியை ஒதுக்கினார். பிறகு உட்கார்ந்தார்.

கசேராவுக்கு உள்ளே போனார். போய்க்கொண்டே இருந்தார். முழங்கால் தாடைக்கு வந்தபோதுதான் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலையை நாங்கள் தொய்வாகத்தான் கட்டுவோம். இறுக்கிக் கட்டினால் மீன் முட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். முப்பது வருடப் பழக்கம், கசேராவையும் அப்படியே கட்டியிருக்கிறேன்.

"பட்டாச்சு மீனு!" என்றார் செல்வதாஸ். யாரும் சிரிக்கத் துணியவில்லை. முதலில் சிரித்தது அண்ணன்தான்.

எழ முடியாததால் எல்லாவற்றையும் பேசி முடித்தார். மே மாதம் கல்யாணம். அவரைத் தூக்கிவிட மூன்று பேர் வேண்டியிருந்தது. நானும் கை கொடுத்தேன். தோள் வலிக்கிறது, பரவாயில்லை.

பிப்ரவரி 4

வலையை இழுத்துக் கட்டுங்கள் என்கிறாள் குளோரி. பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் முன்னறையில் இருந்தார். யாரும் சொல்லாமலே உட்கார்ந்திருக்கிறார். கிளி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

"எலே கிளீட்டஸ், மோட்டரு ஓடுது பாரு."

போய் அணைத்தேன். காலையில் போட்டுவிட்டு மறந்தது நான்தான். எட்டு வருடத்துக்கு முன்பும் நான்தான்.