பின்னலின் மறுமுனை

பிப்ரவரி 9, திங்கள்

போன வாரம் மூக்குக் கண்ணாடி வாங்கிப்போன ஒரு வாத்தியார் இன்று திரும்ப வந்தார். காதுக்குப் பின்னால் உறுத்துகிறதாம். கம்பியைச் சூடு காட்டி, லேசாக வளைத்து, மாட்டிவிட்டேன். "இப்பத்தாம்மா இது என் தலை மாதிரி இருக்கு" என்று சிரித்தபடி போனார்.

அவர் போனதும் என் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். காலையிலிருந்து எனக்கும் உறுத்தல். கம்பியில் ஒரு கோளாறும் இல்லை. தலையில்தான் கோளாறு. காதுக்கு மேலே, உச்சியில், பிடரியில் – எங்கே விரல் வைத்தாலும் வலி. ஒவ்வொரு முடியின் வேரும் தனித்தனியாக விழித்துக்கொண்ட மாதிரி.

இந்த வலி எனக்குப் புதுசில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து ரிப்பனை உருவியதும் வருமே, அதேதான். அக்கா காலையில் என்னை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இறுக்கிப் பின்னுவாள். கத்தினால் சீப்பால் ஒரு தட்டு. "இறுக்கிப் பின்னினாத்தான்டி எங்கயும் போகாது." சாயங்காலம் அவளே அவிழ்த்துவிட்டு, வலிக்கிற இடமாகப் பார்த்து விரல்நுனியால் தடவிக்கொடுப்பாள். அந்தத் தடவலுக்காகவே காலையில் கொஞ்சம் கூடுதலாகக் கத்தியிருக்கிறேன்.

மார்பில் கட்டி என்று தெரிந்து, முதல் மருந்து ஏற்றி இரண்டு வாரம் ஆகிறது. முடி போகும் என்று டாக்டர் சொன்னார். போவதற்கு முன்னால் வலிக்கும் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டேன். வலிப்பது சகஜம்தானாம். முடி உதிரப் போகிறது என்று அர்த்தமாம். "எண்ணெய் தேய்ச்சு அழுத்தாதீங்கம்மா, வெந்நீர் ஊத்தாதீங்க. முடி நீளமா இருந்தா அந்த பாரமே இழுக்கும், குட்டையா வெட்டிருங்க. தலையணைக்கு வழவழன்னு ஒரு உறை போடுங்க" என்றாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். வெட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வேன்.

வழவழப்பான உறை என்றதும் அத்தானின் தலையணை ஞாபகம் வந்தது. அக்கா தன் பழைய சேலையைக் கிழித்து அவருக்குத் தைத்துக் கொடுத்தாள். அவருக்கும் மருந்து ஏற்றி முடி கொட்டிய சமயம் அது. தலையை எதிலும் சாய்க்க முடியாமல், சோபாவில் ரயிலுக்குக் காத்திருப்பவர் போல முன்னால் தள்ளி உட்கார்ந்திருப்பார் மனுஷன். அந்த உறை வந்த பிறகுதான் படுத்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

தலையணை முழுக்க முடி. இவர் எழுந்து வருவதற்குள் உறையை உதறிவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஞாயிறு என்றால் அக்காவின் வீடியோ கால். இன்றும் வந்தது. இன்றும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? அத்தானைக் கொண்டுபோனது இதே நோய்தான், இன்னும் இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. வாந்திக்குப் பாத்திரம் பிடித்து, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கி, கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்பியவள். இப்போதுதான் தோட்டத்தில் செடி வைத்திருக்கிறேன், மிளகாய் காய்த்திருக்கிறது என்று பேச ஆரம்பித்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார் என்பதா? இவர் தினமும் கேட்கிறார், "உங்கக்காட்ட சொன்னியா?" நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்கிறேன்.

போனை வைத்த பிறகு பழைய இரும்புக் கட்டில் நினைவுக்கு வந்தது. நாங்கள் இருவரும் ஒன்றாகப் படுத்துத் தூங்கிய கட்டில். எனக்கு இருட்டென்றால் பயம். அதைவிடப் பெரிய பயம், நான் தூங்கியதும் அக்கா எழுந்து எங்கேயாவது போய்விடுவாள் என்பது. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். படுத்ததும் என் பின்னல் நுனியையும் அவள் பின்னல் நுனியையும் ஒரே ரிப்பனால் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவேன். காலையில் அவள்தான் முதலில் விழிப்பாள். ஆனால் அசையமாட்டாள். நான் கண் திறக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

ஒரே ஒரு நாள் ஏமாற்றினாள். முடிச்சைப் பூப்போல அவிழ்த்து, தலைமாட்டுக் கம்பியில் கட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். தூக்கத்தில் இழுத்துப் பார்த்தேன். இழுபட்டது. அக்கா இருக்கிறாள் என்று நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன். விழித்துப் பார்த்தால் மறுமுனையில் கட்டில்! நான் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததே இல்லை, கல்யாணமாகிப் போகும்வரை.

பிப்ரவரி 17, செவ்வாய்

இரண்டாவது மருந்து. வாயெல்லாம் இரும்பு ருசி.

வீட்டுக்கு வந்ததும் ஒரு யோசனை. விரித்துப் போட்டால்தானே கொட்டுகிறது? இறுக்கிப் பின்னினால் எங்கே போகும்? கண்ணாடி முன் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினேன். கண்ணீர் தானாக வழிகிறது. நுனியில் ரப்பர் பேண்ட் போட்டாயிற்று. அக்கா பார்த்திருந்தால் பாராட்டியிருப்பாள்.

பிப்ரவரி 18, புதன்

புத்தி கெட்டவளே. புத்தி கெட்டவளே.

தலை நெருப்பாக எரிந்தது. அவிழ்க்கலாம் என்று பின்னலைப் பிடித்தேன் – கையோடு வந்துவிட்டது. முழுசா இல்ல, பாதிக்கு மேல. ரப்பர் பேண்டோட. செத்த எலியைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். கத்தவும் வரல.

இவர் ஓடி வந்தார். பார்த்தார். தன் தாடி டிரிம்மரை எடுத்துவந்து, என் தோளில் துண்டைப் போட்டார். பிளேடு வேண்டாம், கீறிவிடும் என்று நர்ஸிடம் கேட்டு வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் எப்போது கேட்டார்? முகம் சிரைக்கும்போது தன் கன்னத்தையே கிழித்துக்கொள்கிற மனுஷன், என் தலையில் ஒரு இடம்கூட வலிக்காமல் ஓட்டினார். முடிந்ததும் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "வா வா. நம்ம கட்சியில ரொம்ப நாளா நான் ஒருத்தன்தான்" என்றார். சிரித்தேன். அப்புறம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நன்றாகவே அழுதேன்.

"இந்தப் பின்னலை என்ன பண்ணட்டும்?"

"குப்பையிலதான் போடணும். ஷோகேஸ்லயா வைப்பீங்க?"

ஷோகேஸில் வைக்கவில்லை. ஆனால் அவர் குப்பையிலும் போட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

முடி போனதும் வலியில் முக்கால்வாசி போய்விட்டது. இதற்காகவா இத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுதேன்?

பருத்தித் தொப்பியோடு கடைக்குப் போனேன். எங்கள் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கும் கண்ணாடி. பதினெட்டு வருஷமாக அதில் வாடிக்கையாளர்களைத்தான் பார்த்தேன். இன்று எல்லாவற்றிலும் நானே நிற்கிறேன், இடப்பக்கம், வலப்பக்கம், பிடரி. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முதலாளியம்மா என் மேஜை மேலிருந்த கண்ணாடியை மட்டும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். நான் அதை மறுபடி என் பக்கம் திருப்பினேன். இதுவும் ஒரு முகம்தான். ஃபிரேம் மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

அக்கா. தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினேன். சளி, தலைக்குளிர் என்று அளந்தேன். நம்பினாள். மிளகாய்ச் செடியில் பூச்சியாம். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"நீ ஏன் சாயாம உக்காந்திருக்க?"

"என்னது?"

"பின்னாடிதான் நாற்காலி இருக்குல்ல. தலையைச் சாய்ச்சு உக்காரு."

இன்னும் பிடரியில் இரண்டு இடம் தொட முடியவில்லை. கழுத்து வலி என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "சரி, வைக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 23, திங்கள்

அக்கா போனை எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

குட்டு உடைந்தது.

கதவைத் திறந்தால் அக்கா நிற்கிறாள், பெட்டியோடு. நான் தொப்பிகூடப் போட்டிருக்கவில்லை. என் தலையைப் பார்த்தாள். நேராக உள்ளே வந்து, பெட்டியைத் திறந்து, ரிப்பன் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மடியில் போட்டாள். தலையணை உறை. அதே வழவழ சேலைத் துணி. ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்திருக்கிறாள், தையல் கோணல்.

அதற்குப் பிறகுதான் வெடித்தாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சிரிச்சுப் பேசினியேடி. நல்லாத்தான் இருக்கான்னு நானும் நிம்மதியா தூங்கினேனே. என்னைக் கட்டில் கம்பியில கட்டிட்டு நீ பாட்டுக்குப் போயிட்டியேடி!"

எனக்கு மட்டும்தான் அது ஞாபகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"உன்னால தாங்க முடியாதுன்னு..." என்று இழுத்தேன்.

"தாங்க முடியாதுதான். அதுக்கு? தெரியாம இருந்தா மட்டும் தாங்கிடுவேனா?" மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு என் பின்னால் வந்து உட்கார்ந்து, பிடரியில் வலிக்கிற இடம் இரண்டையும் கேட்காமலே கண்டுபிடித்து, விரல்நுனியால் தடவினாள். அதே விரல்கள்தான். கொஞ்சம் சொரசொரப்பாகிவிட்டன.

மார்ச் 1, ஞாயிறு

ஞாயிறு, ஆனால் வீடியோ கால் இல்லை. சமையலறையில் அக்காவும் இவரும் உப்பு விஷயமாக வாக்குவாதம். காதுக்கு இதமாக இருக்கிறது.

எப்போது ஊருக்குப் போகிறாய், செடியெல்லாம் காயாதா என்று கேட்டேன். "பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். காஞ்சா காயட்டும்" என்றாள். ராத்திரியில் அவள் இரண்டு தடவை எழுந்து வந்து என் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பது எனக்குத் தெரியும். சொல்லிக் காட்டவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மூன்றாவது மருந்து. அந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள். உட்காருவதற்கு முன் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கட்டி சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அக்கா அதை அவரிடம் மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மார்ச் 11, புதன்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன்.

மத்தியானம் மருந்துக் களைப்பில் கண்ணை மூடிக் கிடந்தேன். அக்கா பக்கத்தில் வந்து படுத்தாள். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, என் வலது மணிக்கட்டில் எதையோ மெல்லச் சுற்றினாள். உறையோடு வந்த ரிப்பன். அதன் மறுமுனை அவளுடைய நரைத்த பின்னலின் நுனியில். என்னிடம்தான் பின்னல் இல்லையே. முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். நானும் தூங்குகிறவள் போலவே இருந்தேன், உண்மையிலேயே தூங்கியும் போனேன்.

இப்போது விழித்துவிட்டேன். அவள் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறாள். வந்த நாளிலிருந்து இவள் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

எனக்குத் தாகம் எடுக்கிறது. தண்ணீர் மேஜையில் இருக்கிறது, எட்டாது. இந்தக் கட்டிலுக்கும் தலைமாட்டில் கம்பி இருக்கிறது. மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து அதில் மாற்றிக் கட்டிவிட்டுப் போனால் இவளுக்குத் தெரியவே தெரியாது.

பேனாவை வைத்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு படுக்கப் போகிறேன். அவளே முழிக்கட்டும்.