செம்மறியின் சுருள்முடி

மார்ச் 5, செவ்வாய்

பார்லருக்கு வார விடுமுறை. இருந்தும் காலையில் முதலாளியம்மா போன் செய்து, "சோல்-மி, வூ-ஜே அம்மா வராங்க, வந்து தண்ணி சூடு பண்ணு" என்றார். போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரே ஒரு விளக்கைப் போட்டு வைத்திருந்தார். எங்கள் மொக்போ ஊர்ப் பெண்கள் எல்லாரும் பொறாமைப்படும் அந்தச் சுருள்முடி, மேசையில் ஒரு பொம்மைத் தலைமேல் இருந்தது. அதன் சொந்தக்காரி வூ-ஜே அம்மா தலையில் துண்டோடு நாற்காலியில் இருந்தார்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் உலர்மீன் கடை வைத்திருப்பவர். புற்றுநோய்க்குக் குளிர்காலம் முழுக்க ஊசி, முடியெல்லாம் கொட்டிவிட்டது. ஊசி போன மாதம்தான் முடிந்தது. மகன் வூ-ஜேக்கு மே மாதம் கல்யாணம். அதற்கு முன் ஏப்ரலில் இரு வீட்டாரும் சேர்ந்து சாப்பிடும் சந்திப்பு இருக்கிறது. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். சீக்காளி மாமியார் வீட்டுக்குப் பொண்ணு குடுக்க யாருக்கு மனசு வரும்?" என்கிறார். மகனிடம் சத்தியமே வாங்கிவிட்டாராம்.

வேடிக்கை என்னவென்றால், போன வாரம் எங்கள் வாடிக்கையாளர் தால்-லே அம்மா கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "எனக்கும் வூ-ஜே அம்மாவுக்குப் போட்ட அதே சுருள்தான் வேணும். அது மட்டும் ஏன் கலையவே மாட்டேங்குது?" முதலாளியம்மா முகம் மாறாமல், "அது அவங்க முடியோட வாகு" என்றார். நான் துவைத்த துண்டுகளை எடுக்கும் சாக்கில் பின்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

மார்ச் 6, புதன்

இந்த வாரம் நான் வரைந்த படக்கதை இணையத்தில் ஏறிவிட்டது. வாத்து பொறுமையிழந்து, தலையில் போட்ட சுருள்மருந்து பிடிப்பதற்குள் எழுந்து சந்தைக்குப் போய்விடும் கதை. (வாத்து என்றால் தால்-லே அம்மா. முதலாளியம்மா நீர்நாய். நான் ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருக்கும் எலி.)

ஒரு படக்கதை நிறுவனம் "கதையில் காதல் இல்லை" என்று திருப்பி அனுப்பிய பிறகு நானே என் இணையப் பக்கத்தில் போட ஆரம்பித்தது இது. புதன்தோறும் சாயங்காலம், ஜனங்கள் பஸ்ஸில் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்துப் போடுவேன். விரலால் மேலே தள்ளித் தள்ளி ஒரு கதையைப் படித்து முடிப்பதற்குள் அவரவர் நிறுத்தம் வந்துவிட வேண்டும். அதுதான் என் கணக்கு.

உப்பு பன் என்ற பெயரில் எழுதுபவர் வழக்கம்போல முதலில் வந்துவிட்டார்: "எழுத்தாளரே, இன்னைக்கு ஆபீஸ்ல திட்டு வாங்கினேன். வாத்தைப் பார்த்ததும் சரியாப் போச்சு." யாரோ, எங்கோ. அவருக்காகவே அடுத்த புதனும் வரையலாம் போல இருக்கிறது. இந்த வாழ்க்கைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சும்மா சலித்துக்கொள்ளக் கூடாது.

மார்ச் 14, வியாழன்

செம்மறியை வரையலாமா?

மேய்ச்சலில் ஒரு செம்மறிக்குக் கம்பளி முழுக்கக் கொட்டிவிடுகிறது. நீர்நாய் ரகசியமாக ஒன்று பின்னிக் கொடுக்கிறது. மற்ற மிருகங்கள் எல்லாம் "எங்களுக்கும் அதே சுருள்" என்று வரிசையில் நிற்கின்றன. கதை தானாக வந்துவிட்டது, என் கை சும்மா இருக்க மறுக்கிறது. ஊர் பேர் எதுவும் இல்லை. ஓர் ஆட்டைப் பார்த்து யாருக்கு என்ன தெரியப்போகிறது? வூ-ஜே அம்மாவிடம் கேட்கலாம்தான். கேட்டால் வேண்டாம் என்பார் - அதனால்தான் கேட்காமல் இருக்கிறேனோ?

மார்ச் 20, புதன்

பெரிய தப்பு பண்ணிவிட்டேன். எழுதினாலாவது மனசு ஆறுமா பார்க்கலாம்.

நான் வரைவது அடுக்கு அடுக்காக. அடியில் நீலக் கோட்டில் ஒரு கிறுக்கல் அடுக்கு. எந்த மிருகம் யார், என்ன மனநிலை என்று மறக்காமலிருக்க அதிலேயே எழுதி வைப்பேன். அதன்மேல் கறுப்புக் கோடு, அதன்மேல் நிறம். ஏற்றும்போது நீல அடுக்கை மறைத்துவிட வேண்டும். இத்தனை நாளாக ஒரு தடவையும் மறந்ததில்லை. இன்று சாயங்காலம் நிறைய பேர் தலை கழுவ வருவார்கள் என்று சாப்பாட்டு நேரத்திலேயே அவசரமாக ஏற்றினேன். கடைசிப் படத்தில் நீல அடுக்கு அப்படியே இருந்துவிட்டது.

செம்மறி கண்ணீரோடு கண்ணாடி பார்க்கும் படம். அதன் பின்னால் என் கையெழுத்தில்: "வூ-ஜே அம்மா, மொக்போ உலர்மீன் கடை. முடி கொட்டியது சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது."

அவருடைய சொந்தப் பெயரை எழுதியிருந்தால்கூட ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. இங்கே யார் பெண்களைச் சொந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள்? மகன் பெயரைச் சொல்லித்தானே எல்லாரும் கூப்பிடுகிறோம், நானும் அப்படியே எழுதி வைத்தேன்.

ஏற்றிவிட்டுப் போனை ஏப்ரனில் போட்டுக்கொண்டு தலை கழுவப் போய்விட்டேன். அது அதிர்ந்துகொண்டே இருந்தது. கையெல்லாம் நுரை. நிறையப் பேருக்குக் கதை பிடித்துவிட்டது போல என்று சந்தோஷம் வேறு பட்டேன் - மடச்சி, மடச்சி. கை துடைத்துப் பார்த்தால் மேலே உப்பு பன்: "எழுத்தாளரே, கடைசிப் படத்துல நீல எழுத்து தெரியுது. நிஜப் பேரு இருக்கு. உடனே இறக்குங்க."

இறக்கிவிட்டேன். அதற்குள் எவ்வளவோ பேர் பார்த்திருப்பார்கள்.

ஆனால் கமெண்ட்களைப் படித்துத்தான் அழுதேன். "இப்ப வர்றவங்க கடைசிப் படம் வரைக்கும் போகாதீங்க, மூடிட்டு அப்புறம் வாங்க." "போட்டோ எடுத்து வைக்காதீங்க, அது யாரோ ஒருத்தங்களோட விஷயம்." முகம் தெரியாதவர்கள் ஒருவர் பின் ஒருவராக இதையே எழுதி, வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் "ஓ, அந்த மீன் கடையா?" என்று கேட்டிருந்தான். அவனையும் மற்றவர்கள் சேர்ந்து வாயடைத்திருந்தார்கள்.

மார்ச் 21, வியாழன்

கடைசி வாடிக்கையாளர் போனதும் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் வரைவதே அவருக்கு அப்போதுதான் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய கதைகளையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இந்த நீர்நாய் நானா?"

"ஆமாங்க."

"ம்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "சோல்-மி, தலையில துண்டைக் கட்டிட்டு உக்காரும்போது பொம்பளைங்க வீட்டுல சொல்லாததை எல்லாம் இங்க சொல்றாங்க. அது வெளிய போகாதுன்னுதான் சொல்றாங்க. நீ அதை ஊருக்கே ஒட்டிட்ட."

வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றேன்.

"நின்னுட்டா உனக்கு லேசாப் போயிடும். நாளைக்கு நீயே போய் அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லு."

மார்ச் 22, வெள்ளி

சொன்னேன். வூ-ஜே அம்மா நெத்திலியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

சொன்னேன்.

"மருமகளா வரப்போறவ போனை விட்டுக் கண்ணை எடுக்காத பொண்ணு. இந்த மாதிரிக் கதையெல்லாம் அவதான் பார்ப்பா." தலை நிமிராமலே, "நீ போ" என்றார்.

எப்போது போனாலும் ஒரு கோப்பை காபியாவது கையில் திணிக்காமல் அனுப்பாதவர். ஒரு வாய் தண்ணீர்கூட கொடுக்கவில்லை. அந்தக் கல்யாணம் நின்றுபோனால்? என்னால்.

மார்ச் 26, செவ்வாய்

வூ-ஜே அம்மா வரவில்லை. முதலாளியம்மா தண்ணீரை இரண்டு தடவை சூடு பண்ணச் சொல்லிவிட்டு, பிறகு ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டார்.

மார்ச் 27, புதன்

கதை இல்லை. எல்லா மிருகங்களும் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்கும் ஒரு படம் மட்டும் போட்டேன், "கொஞ்ச நாள் ஓய்வு" என்று. செம்மறியை அந்த வரிசையில் நிறுத்தவில்லை. அது எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

"நல்லாத் தூங்குங்க எழுத்தாளரே, நாங்க எங்கேயும் போகலை" என்று எழுதியிருக்கிறார்கள். உப்பு பன் மட்டும் எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் 6, சனி

இதை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

நல்ல கூட்டம். புதிதாக ஒரு பெண், தலை மட்டும் கழுவினால் போதும் என்றாள். பேசினில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நுரை போட்டுக்கொண்டிருக்கும்போது மெல்லக் கேட்டாள்.

"எலி நீங்கதானே?"

என் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க, பக்கத்துல கேட்டுடும். நான்தான் உப்பு பன். பேரு நா-ரே. குவாங்ஜுவுல இருந்து வரேன்." கண்ணைத் திறக்காமலே பேசினாள். "வூ-ஜேன்னு ஒருத்தனை மே மாசம் கட்டிக்கப் போறேன். அவங்க அம்மாவுக்கு மொக்போல உலர்மீன் கடை. அவங்க இந்தப் பார்லருக்குத்தான் வருவாங்கன்னு தெரியும்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிச்சுக்கோங்க என்றுதான் சொல்லியிருப்பேன், திரும்பத் திரும்ப.

"எனக்கு உங்க மேல கோபமில்லை. அத்தை மேலதான் கோபம். போன மாசம் அவங்க வீட்டுக்கு வந்தப்ப நான் அவங்க முடியைப் பார்த்து, எவ்வளவு அழகா இருக்குன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே பழம் நறுக்கிக் குடுத்தாங்க. என்கிட்ட மறைக்கற அளவுக்கு நான் என்ன பண்ணேன்? வூ-ஜேகிட்டயும் கேக்கலை, எங்க வீட்டுலயும் சொல்லலை. தெரியாத மாதிரியே இருந்துடவா? நீங்கதான் சொல்லணும், அந்தக் கதையை வரைஞ்சவங்க நீங்க."

யோசனை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்றேன். ஆனால் ஒன்று தெரியும் என்றேன். செவ்வாய்க்கிழமை யாரும் இல்லாத கடையில், துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவர் இவளைப் பற்றி மட்டும்தான் பேசுவார். பொண்ணுக்கு நண்டு பிடிக்குமாம், பொண்ணுக்குக் குளிர் ஆகாதாம் என்று.

அவள் கண்ணோரம் ஈரமானது. ஷாம்பூ பட்டுவிட்டதோ என்று துடைக்கப் போனேன்; ஷாம்பூ இல்லை.

"எவ்வளவு நேரமா அந்த ஒரு தலையைக் கழுவுற?" என்று முதலாளியம்மா உள்ளிருந்து கேட்டார். அவள் எழுந்து, முடியைக்கூடச் சரியாகக் காய வைக்காமல், படகுத்துறைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

வந்தார்கள். இரண்டு பேரும். பாதி இறங்கியிருந்த ஷட்டருக்கு அடியில் நா-ரே முதலில் குனிந்து வந்து, அத்தையின் தலை ஷட்டரில் இடிக்காமல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். வூ-ஜே அம்மா விக்கைக் கழற்றி அவள் மடியில் கொடுத்தார். அவள் அதைத் தூக்கம் கலையாத பூனைக்குட்டியைப் போல வைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டேன்.

"அந்தக் கதையைக் காட்டு" என்றார் வூ-ஜே அம்மா என்னிடம். டேப்லெட்டைக் கொடுத்தேன். ஒரு விரலால் மெதுவாகத் தள்ளிப் படித்தார். வாத்து வரிசையில் முண்டியடிக்கும் இடத்தில் சிரித்துவிட்டார். "தால்-லே அம்மா. அப்படியே அவளேதான்." கடைசிப் படத்தில் நின்றார்.

"இது என்ன, கண்ணுல?"

"கண்ணீருங்க."

"நான் எங்கடி அழுதேன்? இந்தக் கடையில உக்காந்து எப்பவாவது அழுதிருக்கேனா?"

முதலாளியம்மா, "இல்லை. ஒரு தடவைகூட இல்லை" என்றார்.

"அதை எடு. எடுத்துட்டுப் போடு."

"போடவாங்க?"

"நீல எழுத்து இல்லாம போடு."

நான் அங்கேயே கண்ணீரை அழித்தேன். அழித்த பிறகு பார்த்தால் செம்மறி வெறுமனே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இது சரியாக வருமா என்று யோசிப்பதுபோல. படம் நிஜமாகவே நன்றாகிவிட்டது. கிளம்பும்போது ஒரு பொட்டலம் நெத்திலியை என் கையில் திணித்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

ஏப்ரல் 15, திங்கள்

நேற்றுச் சந்திப்பு. சாப்பாட்டின் நடுவில் வூ-ஜே அம்மா தானாகவே சம்பந்தியிடம் சொல்லிவிட்டாராம். சம்பந்தியம்மா சாப்பாடு முடியும்வரை மீனை முள் எடுத்து எடுத்து இவர் தட்டிலேயே வைத்தாராம். நா-ரேதான் செய்தி அனுப்பினாள். "அத்தை வயிறு வெடிச்சிருக்கும்" என்று முடித்திருந்தாள்.

ஏப்ரல் 17, புதன்

செம்மறி ஏறிவிட்டது. நீல அடுக்கை மறைக்கவில்லை, அழித்தே விட்டேன். இனிமேல் பெயர்கள் என் தலைக்குள் மட்டும். ஒருவரைப் பற்றி வரைவதற்கு முன் அவரிடம் கேட்பேன். கேட்டால் வேண்டாம் என்பார்களோ என்று பயமாக இருக்கும் கதைகளை முதலில் கேட்பேன்.

மருத்துவமனையிலிருந்தும் காத்திருப்பு நாற்காலிகளிலிருந்தும் வாசகர்கள் எழுதுகிறார்கள். எல்லாருக்கும் பதில் எழுத வேண்டும். பாதிதான் முடிந்தது.

மே 18, சனி

கல்யாணம். சோறு, நண்டு, அழுகை. செம்மறி அழவில்லை, நீர்நாய்தான் அழுதது.

ஜூன் 15, சனி

கடையில் நிற்க இடமில்லை. வூ-ஜே அம்மா வந்தார். விக் இல்லை. விரல் அகலத்துக்குக் குட்டையான முடி, காதுக்கு மேல் லேசாக நரைத்து. சனிக்கிழமைக் கூட்டத்தில் அவரை இப்படிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அடுத்து யார் முறை என்று தால்-லே அம்மாவோடு சண்டை வந்துவிட்டது.

"நான் வந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?" என்றார் வூ-ஜே அம்மா.

"உனக்கு இருக்கற முடிக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். வழியை விடு, எனக்கு அரை நாள் வேலை இருக்கு."

"ரெண்டு நிமிஷம்தானே? அப்ப நான் முதல்ல போறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

டிரையருக்கு அடியில் இருந்தவர்கள்கூடத் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்கள். தால்-லே அம்மா முனகிக்கொண்டே அவருடைய கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்த வூ-ஜே அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பிடித்துவிட்டார்.

"என்ன பார்த்துட்டு நிக்கற? வரையணும்னா வரைஞ்சுக்கோ. ஆனா நான்தான் முன்னாடி வந்தேன்னு போடணும்."