பூச்சி இல்லாத படம்

செஞ்சி,
23-8-1964

அன்புள்ள ஜான் பாஷாவுக்கு,

அஜிததாஸ் எழுதறேன். ராஜமதி தவறிப் போயி அஞ்சு மாசம் ஆவுது. நீ போட்ட மூணு கார்டும் வந்துச்சு. பேனாவத் தொறந்தா மை காயற வரைக்கும் அப்படியே புடிச்சிக்கிட்டு உக்காந்துடறேன். அதான் பதில் போடல. கோவிச்சுக்காத.

ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. சப்-ஸ்டேஷனுக்குப் போறேன், வர்றேன். போன வாரம் வல்லம் லைன்ல டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போயி மூணு நாள் ஓயாத வேலை. அந்த மூணு நாளும் நல்லா இருந்துச்சு. பொழுது சாயறதுக்கு முன்ன சாப்பிடற எங்க ஜைன வழக்கத்த விடல. அவ இருந்தப்ப நான் லேட்டா வந்து, அவளும் பட்டினி கெடப்பா. இப்ப சரியா அஞ்சரைக்கு வந்துடறேன்.

ஒரு காரியமாத்தான் எழுதறேன். போன கார்த்திகைல பட்டாம்பூச்சி பிலிம் அனுப்பினேன் இல்ல, அதுல ஒரு படத்த மட்டும் பெருசாப் பிரிண்ட் போடு, மீதிய குப்பையில போட்டுடுன்னு எழுதியிருந்தேன். அந்த மீதி உங்கிட்ட இருக்குதா? இருந்தா எனக்கு வேணும்.

அத எடுத்த கதைய உனக்கு முழுசாச் சொல்லல. ராஜகிரி அடிவாரத்துல, செட்டிக்குளத்துக்குப் பின்னால, பாறை இடுக்குல ஆடுதின்னாப்பாளை படர்ந்து கெடக்குது. அதத் தின்னு வளந்த புழு ஒண்ணு பக்கத்துல துத்தித் தண்டுல கூடு கட்டித் தொங்குச்சு. நானும் ராஜமதியும் நாலு நாள் காலைல போயி பார்த்துட்டு வந்தோம். அஞ்சாம் நாள் கூடு கறுத்து, உள்ள இருக்கற செவப்புப் புள்ளி வெளிய தெரிஞ்சுது. இன்னிக்கு வந்துடும்னா. வந்துச்சு. ஈர றெக்கைய தொங்கப் போட்டுக்கிட்டு காயறதுக்காக ஒக்காந்துது.

அன்னிக்குப் பார்த்து நல்ல காத்து. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல டியூப் மாட்டி அவ்ளோ கிட்டத்துல எடுத்தா நூல் கனம்தான் தெளிவா விழும். தண்டு ஒரு நெல்லு அளவு ஆடினாலும் படம் போச்சு. ஈதர் பாட்டில்ல ரெண்டு நிமிஷம் வெச்சா மயங்கி ஆடாம ஒக்காரும்னு நீ எழுதியிருந்தே இல்ல, அத அவகிட்ட சொன்னேன். மொதல்ல உங்க சினேகிதர பாட்டில்ல வெச்சு எடுத்துப் பாருங்கன்னா. சரி, தண்ட ஒடிச்சு ஊட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போலாம்னேன். அதுக்கும் ஒத்துக்கல. எங்க நயினார் வீட்டுப் பொண்ணு இல்லியா, காரணமில்லாம பச்சைய ஒடிச்சா அன்னிக்கு முழுக்க மூஞ்சி தொங்கிடும். அவளே குத்துக்கால் போட்டு ஒக்காந்து தண்ட ரெண்டு வெரலால புடிச்சுக்கிட்டா. ஒண்ணே கால் மணி நேரம்.

கைய ஆட்டாதன்னு நான் சத்தம் போட்டேன். நான் எங்க ஆட்டறேன், உங்க மூச்சுதான் ஆட்டுதுன்னா. கரண்ட் ஆபீஸ்ல அம்மாம் பெரிய கம்பத்த நிக்க வெக்கறீங்க, ஒரு துத்திச் செடிய நிக்க வெக்க முடியலியான்னா. சிரிச்சா ஆடும்னு சிரிப்ப அடக்கிக்கிட்டா.

எட்டு படம் எடுத்தேன். ஆறாவது நல்லா விழுந்துச்சு. ஆனா தண்டுகிட்ட அவ வெரல் நுனி ரெண்டும் தெரிஞ்சுது. நான் அனுப்ப இருந்த போட்டோ போட்டியில இயற்கைப் பிரிவுக்கு மனுஷன் கை தெரியக்கூடாதுன்னு சட்டம். பின்னால பாறை நிழல், ஒரே கறுப்பு. நெகடிவ்ல வெரல் இருக்கற எடத்த சுரண்டிட்டா பிரிண்ட்ல கறுப்பா விழுந்து நிழலோட ஒட்டிக்கும். பிளேடு எடுத்து ஒரு ஞாயித்துக்கிழமை காலை முழுக்க சுரண்டினேன். அவ பக்கத்துல ஒக்காந்து லென்ஸ் புடிச்சுக்கிட்டு, அங்க கொஞ்சம் பாக்கி இருக்குது பாருங்கன்னு காட்டிக் கொடுத்தா. சுத்தமா எடுத்துட்டோம். அதத்தான் உனக்கு அனுப்பினேன்.

அந்தப் படத்துக்குப் போன மாசம் சர்டிபிகேட் வந்துச்சு. காத்தே இல்லாத நாளாப் பார்த்துக் காத்திருந்த பொறுமையப் பாராட்டறோம்னு எழுதியிருக்காங்க. மடிச்சு வெச்சுட்டேன்.

முந்தாநாள் மேல்சித்தாமூர்லேருந்து மாமியார் வந்தாங்க. எம்பொண்ணு படம் ஒண்ணு குடுங்க மாப்ள, ஊட்ல மாட்டணும்னாங்க. கல்யாணத்துல ஸ்டூடியோக்காரன் எடுத்தத எடுத்து வெச்சேன். அதுல கழுத்து வரைக்கும் மாலை, தலை குனிஞ்சிருக்குது. இது யாரோ மாதிரி இருக்குது, வேற இல்லியான்னாங்க. இல்லன்னேன். செவுத்துல இருந்த படங்களப் பார்த்துட்டு, பூச்சிய இத்தினி எடுத்தீங்களே மாப்ளன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. அப்புறம் ரசம் வெச்சுக் குடுத்துட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாங்க.

நெஜமாவே இல்லடா. மூணு வருஷம் நான் லென்ஸ் வழியா பார்த்த எதுலயும் அவ இல்ல. கேமராவுக்கு இந்தப் பக்கமோ, செடிக்கு அந்தப் பக்கமோதான் இருந்தா.

ஒண்ணே ஒண்ணு இருக்கணும். அந்தப் பிலிம்ல எட்டாவது. நான் பட்டன அமுக்கவும் பூச்சி பறந்துபோகவும் சரியா இருந்துச்சு. அது மேல போறதப் பார்த்து அவ வாய் விட்டுச் சிரிச்சா. அப்ப தண்டுக்குப் பின்னால அவ மூஞ்சி நேரா லென்ஸுக்கு எதிர்ல வந்துடுச்சு. வீணாப்போன படம்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். பிலிம டெவலப் பண்ணினப்பவும் ஆறாவதத்தான் பார்த்தேன், அத சரியாப் பார்க்கக்கூட இல்ல.

நேத்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். டியூப் நீளம், லென்ஸ் தொறப்பு, அவ ஒரு முழம் தள்ளி ஒக்காந்திருந்தா. கண்ணு, மூக்கு எதுவும் பிரிஞ்சு தெரியாது. வெளுப்பா ஒரு வட்டம், அவ்ளோதான் விழுந்திருக்கும். ரெண்டு தரம் போட்டேன், அதேதான் வருது. மாமியாருக்குக் காட்டற மாதிரி இருக்காது. பரவால்ல. அந்த வெளுப்பு அவதான்னு எனக்குத் தெரியுமில்ல, அது போதும்.

பெட்டி, டிராயர், பழைய கவர் எல்லாத்தையும் ஒரு தரம் பாரு. கெடச்சா தண்ணியில கழுவாத, தொடைக்காத, எதையும் வெட்டாத. ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு.

தங்கச்சி அசீசுன்னிசாவுக்கு மாசம் ஏறிக்கிட்டு இருக்கும். வெயிட்டு தூக்க விடாத. தாயும் புள்ளையுமா நல்லபடியா இருக்கணும்.

நான் சொன்னபடி நீ அதக் குப்பையில போட்டிருந்தா, அது உன் தப்பு இல்ல. ஆனா போட்டுட்டேன்னு மட்டும் எழுதிடாத ஜான். தேடிக்கிட்டு இருக்கேன்னு எழுது. மாசத்துக்கு ஒரு கார்டு, அது போதும்.

உன்
அஜிததாஸ்