மீட்டர் காட்டிக் கொடுக்கவில்லை

செவ்வாய், இரவு

மதியம் அலுவலகத்தில் நான் தனியாக இருந்தபோது ஒருவன் வந்தான். அடி தாங்காமல் ஓடிவந்த அவன் மனைவி, கரியாலூர்ப் பெண், இங்கே கள்ளக்குறிச்சியில் எங்கோ ஒளிந்திருக்கிறாளாம். இந்த ஊர் வீடுகளின் தண்ணீர் மீட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் நான்.

"பூட்டிக் கெடந்த வூட்ல எதுல இப்ப தண்ணி ஓடுது? அத மட்டும் சொல்லும்மா."

மேசையில் கையூன்றி நின்றான். பயத்தில் திரையைத் திறந்துவிட்டேன். எழுத்தும் எண்ணும் கலந்த வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. யாரும் திருத்த முடியாத பொதுக் கணினிப் பேரேடான பிளாக்செயினில் ஏறிய ஒவ்வொரு தண்ணீர் அளவுக்கும் அது சரி என்ற அத்தாட்சி இருந்தது. எந்த வீடு என்பது மட்டும் இல்லை. அந்தந்த வீட்டுக்காரரிடம் மட்டுமே உள்ள ரகசியக் கணினிச் சாவி இல்லாமல் அந்த விவரம் எனக்கே திறக்காது.

"இன்னா இது?"

"எந்த வூடுன்னு எனக்கே தெரியாதுங்க. யாராலயும் பாக்க முடியாது."

முறைத்துவிட்டுப் போய்விட்டான்.

அத்தனை மீட்டரையும் மாட்டியபோது நானும் உடனிருந்தேன். எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது எனப் பயிற்சியில் எங்களுக்கு விளக்கியபோது கொட்டாவி விட்டேன். எங்கோ அவள் குழாயைத் திறந்து முகம் கழுவியிருப்பாள். அந்தத் தண்ணீருக்கான வரி எங்கள் இருவர் கண்ணெதிரிலும் ஓடியிருக்கும்.

வீடு தெரிந்திருந்தால், அந்தப் பயத்தில் நான் சொல்லியிருப்பேன்.