எதிர்மலைத் தொட்டியில் பச்சை வெளிச்சம்

செப்டெம்பர் 6

மாட்டுக்குக் குளிர் பிடித்திருக்கிறது. பால் குறைவு.

எனக்கு எழுத்துத் தெரியாது. போனில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. பக்கத்துக் காம்பரா ஜீவராணிதான் காட்டித் தந்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பேச்சில் சொன்னால் தப்புத் தப்பாக எழுதுகிறதாம். கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரிச் சொன்னால் சரியாக வருகிறதாம். அதனால் நானும் வாசகம் வாசிக்கிறேன். கேட்க வேண்டியவள் எதிர்மலையில் இருக்கிறாள்.

செப்டெம்பர் 9

வாசலில் நின்றால் எதிர்மலை லயம் தெரியும். அதற்கு மேலே வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டி. அதற்கு நேரே கீழேதான் மகள் றொஷேலின் காம்பரா; கதவைத் திறந்தால் தொட்டிச் சுவர் தெரியும். என் பெண்சாதி றோசாலி அங்கே படுத்திருக்கிறாள்.

அவளுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்து, பேச்சும் போய் மூன்று மாதத்தில் மழை வந்தது. மண் சரிந்தது. அவளை நாற்காலியில் வைத்து மகளிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அதோடு குறுக்குப் பாதையும் போய்விட்டது. இப்போது ஸ்பிரிங்வெளிக் கடைக்கு இறங்கி, பதுளைக்குப் போய், வேறு பஸ் பிடித்து ஏற வேண்டும். கண்ணுக்கு எதிரே இருக்கிற இடத்துக்கு அரை நாள்.

அங்கே எனக்குப் படுக்க இடமில்லை. மாட்டை விட்டால் அவள் மருந்துக்கு வழியில்லை. நான் இங்கே, அவள் அங்கே.

செப்டெம்பர் 14

றொஷேல் பேசினாள். அம்மா பொழுதுசாயச் சோறு எடுப்பதில்லையாம், கதவைச் சாத்தவும் விடுவதில்லையாம். போனைக் காதில் வைத்தால் மூச்சு மட்டும் கேட்கிறது. நானும் என்னத்தைச் சொல்ல? மாடு நல்லாருக்கு, மழ பெய்யுது.

"நீங்க விட்டுட்டீங்கன்னு நெனைக்கிறாங்களோ என்னவோப்பா."

விட்டுட்டேனா? நானா?

செப்டெம்பர் 15

றோசாலி பிறந்ததே அந்த எதிர்மலை லயத்தில்தான். கல்யாணத்துக்கு முந்தி நான் இங்கே தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற வேலை. பொழுது சாய்ந்ததும் ஸ்டோர் லாந்தரை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து மூன்று தரம் ஆட்டுவேன். அவள் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறைக் கட்டாகக் கட்டி, கொளுத்தி, தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றுவாள். நெருப்பு வட்டமாகத் தெரியும். ஒரு தரம் அவள் அப்பன் பின்னாலேயே நின்று பார்த்துவிட்டு, "யாருக்குடி திருவிழா?" என்று கேட்டானாம். குளவி விரட்டுகிறேன் என்றாளாம்.

இன்றைக்கு டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஆட்டினேன். மருமகன் ஜூட் போனில் இருந்தான். "ஒண்ணுமே தெரியல மாமா. சும்மா பனியில நிக்காதீங்க."

செப்டெம்பர் 21

பதுளை. பாறூக்கின் கடை. ரேடியோவிலிருந்து கல்யாண மேடை லைட் வரைக்கும் பார்க்கிறவர். மலை விட்டு மலை போகிற வெளிச்சம் வேண்டும் என்றேன். கடைசியில் ஏன் என்று அவர் கேட்க, சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

லேசர்தான் சரி என்றார். அரிசி மணி மாதிரிக் கண்ணாடி வைத்த ஒரு சின்னப் பித்தளைச் சாமான். டயோடு என்று பேர். நேரே பெற்றரியில் வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"அதுக்கு வயிறு நெறஞ்சது தெரியாது பெரியவரே. குடுக்கக் குடுக்கத் தின்னுட்டு, சூடாகிச் செத்துப்போயிரும். அளந்து ஊட்ட ஒரு போர்டு வேணும்."

டிரைவர் என்று பேராம். விரல் நகம் அளவு பச்சைப் பலகை. பஸ்ஸுக்கு டிரைவர், இதற்கும் டிரைவர். கொழும்பிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்றார்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஆள் முகத்துக்கு, ஜன்னலுக்குப் பிடிக்கவே கூடாது, கண் போய்விடும். வெள்ளைத் தொட்டிச் சுவர் இருக்கிறது என்றேன்.

ஒக்டோபர் 3

கொண்டுவந்துவிட்டேன். பழைய லெப்டொப் பெற்றரியில் இருந்து எடுத்த உருளை இரண்டு, பலகை, டயோடு, சுவிட்ச், எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள்ளே. பலகையில் கடுகளவு திருகாணி. அதைத் திருப்பித்தான் எவ்வளவு ஊட்டுவது என்று பாறூக் அளந்து வைத்தாராம். தொடாதீங்க என்றார். தொடவில்லை.

இன்றைக்குக் கடும் பனி. நாளைக்கு.

ஒக்டோபர் 4

போச்சு.

ஒக்டோபர் 5

நேற்றுப் பேச மனமில்லை. இப்போது சொல்கிறேன்.

பெட்டிக்குள்ளே ஈரம் இறங்கிவிட்டது. டயோடை மட்டும் வயரில் இருந்து கழற்றி அடுப்புப் பக்கம் காய வைத்தேன். பெற்றரியைக் கழற்றவில்லை. திரும்பப் பூட்ட முந்தி, எரியுமா என்று வயரில் தொட்டுப் பார்த்தேன். லயத்தில் எல்லாரும் செய்வதுதானே. டோர்ச் பல்பை அப்படித்தான் தொட்டுப் பார்த்து வாங்குவோம், ரேடியோவுக்கும் அப்படித்தான். கை தானாகப் போகிறது.

பளிச்சென்று ஒரு பச்சை. அவ்வளவுதான். அப்புறம் அது சாமான் இல்ல, வெறும் பித்தள.

அவ அங்க கதவத் தொறந்து வச்சிக்கிட்டு... நான் இங்க தொட்டுப் பாத்துக்கிட்டு...

ஒக்டோபர் 8

பாறூக் தலையில் கை வைத்துக்கொண்டார். "தொட்டீங்களா? பலகை வயித்துல கரண்ட் தேங்கி நிக்கும். வாய வச்சதும் மொத்தமாக் கொட்டிரும். டயோட முதல்ல பூட்டணும், கடைசியாத்தான் பெற்றரி."

முதலில் ஆள், பிறகு சோறு என்றேன். "அது வெளங்குதுல்ல" என்றார். கோபம்தான். ஆனாலும் வேறு டயோடு எடுத்துத் தருகிறேன் என்றார். இந்த முறை வயரைத் தானே பற்றவைத்து, பெட்டியை மூடி, சுவிட்சை மட்டும் வெளியே வைப்பாராம்.

காத்திருக்க வேண்டும்.

ஒக்டோபர் 13

இன்னும் வரவில்லை. எதிர்மலையில் ஏழெட்டு விளக்கு எரிகிறது. எது அவளுடையது என்று எனக்குத் தெரியும். இங்கே எந்த விளக்கு நான் என்று அவளுக்குத் தெரியுமா?

ஒக்டோபர் 24

எரிந்தது.

பால்மா டின்னில் மண் நிரப்பி, பெட்டியை அதில் புதைத்து, வாசல் கல்லில் வைத்தேன். ஜூட் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி, இந்தப் பக்கம் பார்க்காமல் முதுகு காட்டி நின்று போனில் சொன்னான். லேசாகப் பனி. நம்ம வாசலில் இருந்து மலைக்குப் பச்சைக் கயிறு கட்டிய மாதிரி இருந்தது.

"மாமா, காட்டுல விழுது. மேல. இன்னும் மேல. ஐயோ அது வானம். கீழ எறக்குங்க... ஆங். தொட்டி. தொட்டிதான் மாமா."

சுளகு அளவு விழுந்ததாம். மூன்று தரம் அணைத்து அணைத்துப் போட்டேன்.

அப்புறம் றொஷேல் எடுத்தாள். "அம்மா பாத்துக்கிட்டே இருக்காங்கப்பா."

ஒக்டோபர் 27

சோறு எடுத்தாளாம். கருவாட்டுக் குழம்பை விரலால் காட்டிக் கேட்டாளாம்.

நவம்பர் 5

கொட்டுப் பனி. மாட்டுக் கொட்டிலே தெரியவில்லை. தினமும் போடுகிற சுவிட்சை, போட்டும் என்ன பிரயோசனம் என்று இன்றைக்குப் போடவில்லை. உலை வைக்கும்போது றொஷேல் எடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பேசுங்கப்பா, பேசுங்கப்பா என்று போனை அம்மா வாயில் வைத்தாள்.

மூச்சு. மூச்சு. அப்புறம், "எங்க?"

இவ்வளவு மாதத்துக்கு அப்புறம் ஒரு சொல். எங்க என்கிறாள். என்னைத்தான் கேட்கிறாள்.

நவம்பர் 7

மாட்டை ஜீவராணி வீட்டில் ஒப்படைத்தேன். பாலில் பாதியை விற்று மருந்துக்கு அனுப்பச் சம்மதம். "போங்க மாமா, இத முன்னமே செஞ்சிருக்கலாம்" என்றாள். பெட்டி வாசல் கல்லில்தான் இருக்கிறது. அதை அசைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே படுக்க இடமில்லாவிட்டால் என்ன, அவள் கட்டிலடியில் பாய் போட்டால் போச்சு.

நவம்பர் 8

எதிர்மலையில் இருந்து பேசுகிறேன். மத்தியானம் வந்து சேர்ந்தேன். முகத்தைத் தடவினாள். தாடியைப் பிடித்து இழுத்தாள். யார் என்று தெரிகிறது என்றுதான் நினைக்கிறேன்.

பொழுது சாய்ந்தது. கதவைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினாள். கட்டிலை ஒட்டி நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள்.

"எங்க?" என்றாள்.

"இங்கதான் இருக்கேன் றோசா."

ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தொட்டி. "எங்க?"

போனை எடுத்தேன். "ஜீவராணி, வாசலுக்குப் போய் அந்தச் சுவிட்சப் போடும்மா. மூணு தரம்."

தொட்டிச் சுவரில் பச்சை விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. இங்கே இருந்து பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை.

றோசாலி நல்ல கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

விளங்காத கை என் மடியில் இருந்தது.

நாளைக்கும் போடும்படி ஜீவராணியிடம் சொல்லியிருக்கிறேன்.