மிதிக்க மட்டுமே தெரிந்த இடது கால்

எப்போதும் எனக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டிய என் அன்பு மச்சான் ஏகாம்பரத்துக்கு,

நேற்று உங்கள் தெவசத்துக்காகச் செவிலிமேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றபோது, கழற்றிவிட என் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. வலது கால் செருப்பு. அதை யாரும் பார்க்காமல் உங்கள் மகனுடைய ஷூவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உள்ளே போய் உங்கள் படத்துக்கு முன்னால் நின்றேன். போட்டோவில் எப்போதும் சிரித்தபடிதான் இருக்கிறீர்கள். நேற்று கொஞ்சம் கூடுதலாகச் சிரித்த மாதிரி இருந்தது.

இடது செருப்பு எங்கே போனது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நம்ம கௌரி புது பைக் வாங்கியிருக்கிறாள். என் மகள்தான், டேங்க் மேல் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவீர்களே, அதே கௌரி. ஒரகடத்தில் கம்பெனி வேலை, சொந்தச் சம்பளம், கையில் லைசென்ஸ். கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் காத்துக் கிடக்காமல் வண்டியிலேயே போய் வருகிறேன் என்கிறாள். நான்தான் ஹைவேஸ், லாரி என்று என்னென்னமோ சொல்லிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். வாங்கியவள் தினமும் வண்டியைத் துடைப்பதோடு சரி.

நேற்றும் கேட்டாள். "நான் ஓட்டறேன்பா, நீ பின்னால உக்காரு."

பிள்ளையார்பாளையமே பார்க்க மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போவதா? "நவுரும்மா. உங்க மாமா வண்டிய இத்தினி வருஷமா ஓட்டிக்கினு இருக்கிறது யாரு?" என்று ஏறிவிட்டேன்.

வினை அங்கேதான் இருந்தது. நீங்கள் விட்டுப்போன வண்டியில் நாலு கியரும் முன்னால் மிதித்தால் விழும். குறைக்கவேண்டுமானால் குதிகாலால் பின்னால் மிதிக்க வேண்டும். எல்லாமே மிதிதான். தறிக் குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்துப் பிழைக்கிறவனுக்கு இதைவிட வாகான வண்டி வேறு ஏது? கௌரியின் வண்டியில் ஒன்றாவது கியர் மட்டும் கீழே. மிச்சத்தையெல்லாம் கால் விரலால் மேலே தூக்கவேண்டும். இவ்வளவு வயதுக்கு என் இடது கால் எதையும் தூக்கியதில்லை, மச்சான்.

தெருவுக்குள் ஞாபகம் வைத்துத் தூக்கிவிட்டேன். செவிலிமேட்டு ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ ஆடி ஆடிப் போனது. முந்தப் போனேன். எதிரே டவுன் பஸ் வந்தது, ஆனால் தூரத்தில்தான் வந்தது. நாலாவது கியரைப் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினால் தாண்டிவிடலாம். கால் பழக்கதோஷத்தில் மிதித்துவிட்டது. மூன்றிலிருந்து நாலுக்குப் போகவேண்டிய வண்டி இரண்டுக்கு இறங்கி, பெரிதாக அலறி, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி நடுரோட்டில் துவண்டது. கியர் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னொரு மிதி மிதித்தேன். பின்சக்கரம் இழுபட்டு நெளிந்தது. பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"கிளட்ச்ச புடிப்பா! கிளட்ச்ச புடி!" பின்னாலிருந்து கௌரி கத்தினாள்.

பிடித்தேன். வண்டி தன்னால் உருண்டு, ஆட்டோவுக்குப் பின்பக்கமாக மண்ணில் போய் நின்றது. தடுமாறியபோது நான் ரோட்டில் ஊன்றிய இடது காலிலிருந்து செருப்பு மட்டும் கழன்று அங்கேயே தங்கிவிட்டது. பஸ் அதன் மேல் ஏறிப் போனது.

உங்களைக் கும்பிடப் புறப்பட்டவர்கள் நேரே உங்களிடமே வந்து சேர்ந்திருப்போம்.

ஆட்டோக்காரன் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான். "யோவ் பெருசு, வூட்டுல சொல்லிக்கினு வந்தியா?"

கௌரி ஹெல்மெட்டைக் கழற்றியபடி, "வூடே பின்னாலதாண்ணா உக்காந்துக்கினு இருக்குது" என்றாள். அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். ரோட்டில் நசுங்கிக் கிடந்த என் செருப்பையே அவள் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

ஒளித்து வைத்த செருப்பு உங்கள் வீட்டில் அக்கா கண்ணுக்குத் தப்பவில்லை. "இன்னாப்பா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? ஒத்தச் செருப்போட வந்துக்கிற?"

நான் வாயைத் திறப்பதற்குள் கௌரி முந்திக்கொண்டாள். "வாரு அறுந்துடுச்சு அத்தை. வெயில் வேற." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வடையைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போதும் நானே ஓட்டினேன். வீம்புதான், வேறென்ன? வீடு வரைக்கும் இரண்டாவது கியர். சைக்கிளில் பால் கேன் கட்டிய ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது பாவமாகத் திரும்பிப் பார்த்தார்.

யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை மச்சான். ஊரில் எந்த ஆசாரி செய்து கொடுத்தாலும் தறி மிதி ஒரே மாதிரிதானே இருக்கிறது? இந்த வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு கியர்? மிதித்தே பழக்கிவிட்டு நீங்கள் பாட்டுக்கு மார்வலி என்று படுத்து எழுந்திருக்காமல் போய்விட்டீர்களே, அதற்கு யாரிடம் சண்டை போடுவது? இன்று காலையிலிருந்து தூக்கிப் பழகுகிறேன் பேர்வழி என்று விரலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பலன், தறியில் உட்கார்ந்தால் கால் தூக்குகிறது. மிதி பிசகி, புடவை உடலில் இழை விட்டுப்போய், பிரித்து மறுபடி நெய்தேன். உங்கள் தங்கச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தறிக்கும் கிளட்ச் வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆக, கௌரி அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். நெய்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் பின்னால் நெசவாளர் சொசைட்டிக்கு எத்தனை தரம் வந்திருப்பேன்? ஒரு நாளும் எனக்குக் கூச்சமாக இருந்ததில்லை. சில நாள் உங்கள் முதுகில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். "மாப்ள, எச்சி வுடாத, சட்டை புதுசு" என்பீர்கள். அவளும் நன்றாகத்தான் ஓட்டுகிறாளாம். லைசென்ஸ் கொடுத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான்தான் பார்த்ததே இல்லை. பெற்ற மகள் முதுகுக்குப் பின்னால் உட்கார மட்டும் எனக்கு என்ன வந்தது?

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். "நாளைக்கு மொத ஷிப்ட்டுபா. பஸ் ஸ்டாப்ல வுட்டுடறியா?" அவள் கண் என் சட்டைப் பையில் இருந்தது. "ம், வுடறன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில்.

நாளைக் காலை டீ குடிப்பதற்கு முன்னால் சாவி அவள் கையில் இருக்கும். உங்கள் படத்துமேல் சத்தியம். முதல் நாள் ஒரகடம் வரைக்கும் நானும் கூடப் போவேன், தெரு முழுக்கப் பார்க்கட்டும். தொண்டை வரைக்கும் வந்து நான் விழுங்கிக்கொண்டது இதைத்தான்:

"நீ ஓட்டும்மா. அப்பா பின்னால உக்காந்துக்கறேன்."

என்றும் உங்கள்
பின்சீட்டு மாப்பிள்ளை