மூட்டையைக் கொட்டிய காரணம்

இந்தத் திங்கட்கிழமை செங்கல்பட்டில் ஒரு கல்லூரிக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். வெளிநாட்டுக்குச் சேவைப் பயணம் போகும் மாணவர் குழு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு பெண் புதுக் கையுறைக் கட்டைப் பிரித்தாள். அந்த ரப்பர் வாடை வந்ததும் குறிப்பேட்டை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீ கண்மூடி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

கல்லூரியில் படித்தபோது நமக்கும் அதே மாதிரிக் கையுறைகள்தான் கொடுத்தார்கள். கம்போடியாவில் ஓர் ஏரிக்கரைக் கிராமத்தில் மூன்று வாரம் தங்கி வேலை செய்ய எட்டுப் பேர். நீ எட்டில் ஒருவன். நான் ஒன்பதாவது, யாராவது விலகினால்தான் எனக்கு இடம். சனிக்கிழமைதோறும் அந்த ஊர் மொழியில் வணக்கம், நன்றி சொல்லப் பழகினோம். பாஸ்போர்ட் விசாரணைக்காகச் செய்யூரில் உன் வீட்டுக்குப் போலீஸ்காரர் வந்தபோது, உன் அப்பா கைகட்டி நின்று, "எம் புள்ள ஒண்ணும் பண்லியே சார்" என்றாராம். அதை நீ சொல்லாத ஆள் இல்லை. உங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் நீ.

ஒத்திகைக்காக மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனோம். பயணக் குழுவுக்குப் பொறுப்பான நம் கல்லூரிச் சார் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருந்தார். அங்கே அனுமதி வாங்கியிருந்தோம். ஆனால் மணலில் கிடந்த பொருள்கள் யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை. கிழிந்த வலைத் துண்டு, மிதவை, கயிறு எல்லாவற்றையும் குப்பை என்று மூட்டையில் திணித்தோம். மற்றவர்கள் கரையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் நீயும் நானும்தான். ஓர் அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, எங்க வூட்டு சாமான யாரைக் கேட்டு வாரினு போறீங்க? வலை கிழிஞ்சா எத வச்சு ஒட்டுப் போடுறது?"

வெளிநாட்டுப் பயணத்துக்கான பயிற்சி இது என்று நான் விளக்கினேன்.

"அங்கயும் போய் அவங்க வூட்டக் கூட்டி வாரப் போறீங்களா?"

நீ சிரித்துவிட்டாய். பிறகு மூட்டையை மணலில் கொட்டினாய். "இன்னா மச்சான் பாத்துகினு நிக்கிற? வா, பிரிச்சுக் குடுப்போம்" என்றாய். நான் வரவில்லை. இரண்டு மணி நேரம் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, யாருடையது எது என்று கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்தாய்.

அன்றைய அறிக்கையை எழுதியவன் நான். 'இரண்டு மணி நேரம் குழு வேலையில் சேரவில்லை. நிரப்பிய மூட்டையையும் கொட்டிவிட்டார்' என்று உன் பெயரைப் போட்டு எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யை வாயால் சொன்னேன். சார் படித்துவிட்டு, "ஏன் கொட்டினான்?" என்று கேட்டார்.

"தெரியல சார். கோவத்துல இருக்கான், கூப்ட்டா வர மாட்டான்."

இரண்டு நாளில் பயணப் பட்டியலில் உன் பெயர் போய் என் பெயர் வந்தது. ஸ்டேஷன் நடைமேடையில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏன் கொட்டுனேன்னு சார் கேட்டாரா மச்சான்?"

"கேக்கலடா" என்றேன்.

நீ அதற்குப் பிறகு அவரைப் பார்க்கப் போகவில்லை. நான் கம்போடியா போய் வந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைக் காட்டித்தான் முதல் வேலை வாங்கினேன். நீ ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தாய். சார் ஓய்வுபெற்றுக் கூடுவாஞ்சேரிக்கு வந்தார். நடுவில் வேறு ஸ்டேஷன்கூட இல்லை. அவர் பேச்சு வந்தாலே, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்டா அந்த ஆளு" என்பாய். இருபது வருடத்துக்கு மேல் அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் உன்னை வருத்தக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம்தான்.

கையுறைகளைப் பார்த்த அன்று மாலையே சார் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் கல்யாணத்துக்கு உங்க செட்டுல எல்லாருக்கும் பத்திரிக வந்துது. எனக்கு மட்டும் வரல. அப்ப இதானா?"

"ஆமா சார்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கிழம அவன் வூட்டுக்குப் போவணும். நீயும் வா. இத அவன் சம்சாரத்துகிட்ட நீதான் சொல்லணும், நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. உன் மனைவி என்னை இன்றும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். கடைசி வாரத்தில் நீயும், "எதுனாலும் இவனக் கேளு" என்று என்னைத்தான் அவளுக்குக் கைகாட்டினாய். அவளிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். 'அன்றைக்குச் சார் கேட்டார்' என்பது முதல் வரி. யாரிடம் கேட்டார் என்பது இரண்டாவது வரியில் வர வேண்டும். அந்த வரியை இன்னும் எழுதவில்லை.